ஒரு சிலந்திக்கு இரண்டு பெயர்

காலை ஏழு மணிக்குச் சென்னை எழும்பூரில் ரயில் ஏறி, விருத்தாசலம் சந்திப்பில் இறங்கியபோது பதினொன்றே கால். இருநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். வழிநெடுக ஐப்பசி மழை. என் பையில் இரண்டு கண்ணாடிக் குப்பிகள். ஒன்றில் தடித்த, பழுப்பு நிறப் பெண் சிலந்தி. மற்றதில் ஒல்லியான, கருத்த, நீண்ட கால்களுடைய ஆண் சிலந்தி.

ஆட்டோவுக்கு நூறு ரூபாய்.

"பீங்கான் பொம்ம வாங்க வந்தீங்களா மேடம்?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"சிலந்தி பார்க்க வந்தேன்."

"உங்க வூட்ல இல்லாத சிலந்தியா?" என்றவர், இறங்கும்வரை கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சிலந்திகளை இனம் பிரித்துப் பெயரிடுவது என் வேலை. பெண்ணை இந்த ஊர்ப் பீங்கான் பட்டறை ஒன்றின் பின்புற மண்மேட்டில் எடுத்திருந்தேன். ஆண், கருவேப்பிலங்குறிச்சி வயல் வரப்பில் கிடைத்தது. உடலமைப்பில் அத்தனை வேறுபாடு. இரண்டும் இதுவரை யாரும் விவரிக்காத தனித்தனி இனங்கள் என்று கட்டுரை எழுதி, இரண்டு லத்தீன் பெயர்களும் சூட்டியிருந்தேன். அனுப்புமுன் மண்மேட்டைப் படமெடுத்தால் போதும் என்றுதான் வந்தேன்.

பட்டறையில் அச்சுக்குள் களிமண் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார் கதீஜா. நாற்பது வயதிருக்கும். போன தடவை சிலந்தி வளையைக் காட்டியவரே அவர்தான். மண்ணில் துளையிட்டு, வாய்க்கு மண்ணாலேயே மூடி செய்து வாழும் சிலந்தி அது. கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு குப்பிகளையும் வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதாங்க. இது அதோட ஆம்பள."

"இல்லைங்க, இது வேற இனம்" என்றேன், கொஞ்சம் அவசரமாகவே.

"மழ வுட்டதும் வந்து மூடியத் தட்டும் மேடம். நாலஞ்சு வருசமா பாக்குறேன். சாயங்காலம் வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போங்களேன்."

திரும்பிப் போக மூன்று மணி ரயில் இருந்தது. போகவிட்டேன்.

ஐந்தரைக்கு மழை ஓய்ந்தது. மேட்டின் அருகே சாக்கு விரித்து இருவரும் குந்தினோம். ஆறு மணிக்குச் சற்று முன், ஈர மண்ணில் ஒரு கருத்த சிலந்தி நடந்து வந்தது. ஒரு மூடியின் முன் நின்று முன்னங்கால்களால் தட்டியது. நிறுத்தியது. மறுபடி தட்டியது. மூடி நகம் அளவுக்கு உயர்ந்தது. உள்ளே பழுப்பு நிறக் கால்கள் தெரிந்தன. ஆண் உள்ளே போயிற்று.

"வேற சாதியா இருந்தா இந்நேரம் தின்னுருக்கும்" என்றார் கதீஜா மெல்ல.

பத்து நிமிடம் கழித்து அது முழுசாக வெளியே வந்தது. தவறான பெயர் ஒரு தடவை அச்சேறிவிட்டால் பட்டியல்களில் தங்கிவிடும். பின்னால் வருகிறவர்கள் பல வருடம் கழித்துத் தேடிக் களைய வேண்டியிருக்கும். ஆனால் கண்ணால் கண்டதை மட்டும் வைத்து எழுத முடியாது. ஆணையும் பெண்ணையும் பிடித்து, மரபணுச் சோதனைக்கு எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. ஒரே இனம், புதிய இனமும்தான். அன்று மாலையே கதீஜாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"நீங்க சொன்னதுதான் சரி. உங்களால தப்பிச்சேன். அதுக்கு உங்க பேரையே வைக்கலாமா?"

"சிலந்திக்கு எம் பேரா!" சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. பிறகு குரல் தணிந்தது. "அந்தப் பேர மாத்த மாட்டாங்களே?"

"வேற யாரும் முன்னாடியே வெச்சிருக்கலன்னா மாத்த முடியாது. மேட்டோட இடமும் பேருகூட எழுதியிருக்கும்."

"அப்ப வையுங்க" என்றார். "மேட்ட வெட்டணும்னு மொதலாளி சொல்லிட்டு இருக்குறாரு. இத அவருகிட்டக் காட்டணும். தமிழ்ல ஒரு தாள்ல எழுதி அனுப்புறீங்களா?"

கட்டுரையைத் தொடுமுன் அந்தத் தாளை எழுதி அனுப்பினேன்.