ஹாஜரா பீவியின் விடுப்பு விண்ணப்பம்

ஐந்தருவிக்குப் போகிற வழியில் இருக்கும் தென்சாரல் சுற்றுலா வாரிய விடுதியில் நான் எழுத்தர். ஹாஜரா பீவி அங்கே அறைகளைப் பெருக்கித் துடைப்பவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

போன வருடம் சாரல் தொடங்குவதற்கு முன்பே மேலிடத்து உத்தரவு வந்தது. வெளிநாடுகளில் நம் தூதராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரை வாரிய உறுப்பினராக மறுபடியும் மூன்று வருடத்துக்குப் போட்டிருந்தார்கள். எழுபது வயது. அம்பாசடர் என்றுதான் நாங்கள் சொல்வோம். முதல் தவணையில் கழிப்பறைக் குழாயைக்கூட விடாமல் திறந்து பார்த்து எங்கள் உயிரை எடுத்தவர். தொலைந்தார் என்றிருந்த நாங்கள் மறுபடியும் குழாய்களைத் தேய்க்க ஆரம்பித்தோம். விடுதியில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் ஹாஜரா அக்காதான். ஆளுக்கொரு லட்டு கொடுத்தாள்.

காரணம் எனக்குத் தெரியும். அவள் கணவர் சேக் தாவூது வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவர். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு நோன்புப் பெருநாளன்று போனில் பேசியதோடு சரி. அப்போது அந்த நாட்டில் நம் தூதராக இருந்தவர் இந்த அம்பாசடர்.

"உசுரோட இருக்காகன்னா வரட்டும் தம்பி. மவுத்தாயிருந்தா நான் இத்தா இருக்கணும்லா. ரெண்டுல ஒண்ணு தெரியாம இந்தக் கருகமணிய எப்படிக் கழட்டுவேன்?" என்பாள். கணவன் இறந்தால் மனைவி நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்து துக்கம் காப்பதுதான் இத்தா; கருகமணி அவர்களுக்குத் தாலி மாதிரி.

முதல் தவணையில் அவருக்கென்று ஏழு மனு கொடுத்தாள். வாங்கியவன் நான். ஏழும் என் மேசை இழுப்பறையிலேயே கிடந்தன. சுற்றுலாவுக்குச் சம்பந்தமில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். உண்மையில், அவர் எரிந்து விழுவாரே என்ற பயம். அவள் கேட்டால், "அனுப்பியாச்சுக்கா, பதில் வரல" என்பேன். இந்தக் கோழைக்கு மாதச் சம்பளம் வேறு.

இந்த முறை அவள் என்னிடம் வரவில்லை. அவருக்கு டீ கொண்டுபோனவள் தட்டை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"ஐயா, எங்க வீட்டுக்காரவுகளக் கண்டுபிடிச்சுத் தாங்க."

பாஸ்போர்ட் எண்ணை மனப்பாடமாகச் சொன்னாள். அவர் குறித்துக்கொண்டு யாருக்கோ போன் போட்டு ஐந்து நிமிடம் இங்கிலீஷில் பேசினார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பதில் வந்துவிட்டது. கோப்போடு நான் பக்கத்தில் நிற்க, அவர் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. சேக் தாவூது முதல் கம்பெனியை விட்டு வேறு இடத்தில் வேலை பார்த்திருக்கிறார். அந்தப் பெருநாளுக்கு அடுத்த மாதமே சாரம் சரிந்து இறந்துபோனார். பாஸ்போர்ட்டில் இருந்தது வாசுதேவநல்லூர் வாடகை வீட்டு முகவரி. இவள் அதற்குள் தென்காசிக்குக் குடிவந்துவிட்டதால் தூதரகத்தின் கடிதம் திரும்பிப் போய்விட்டது. உடலை ஐந்து மாதம் வைத்திருந்துவிட்டு அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டவர் இவர்தான். அதையும் அவரே சொன்னார்.

"மூணு வருஷமா இங்கதானேம்மா வந்துட்டுப் போனேன். அப்பவே ஏன் என்கிட்ட சொல்லல?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

மதியம் என் மேசைக்கு வந்தாள்.

"நாலு மாசம் பத்து நாளைக்கு லீவு எழுதிக் குடு தம்பி. இதையாவது அனுப்பிரு."

எழுதினேன். கையோடு எடுத்துப்போய் அம்பாசடரிடமே கையெழுத்தும் வாங்கினேன்.

மறுநாள் நான் வந்தபோது அக்கா துடைப்பத்தோடு வராந்தாவில் நின்றாள்.

"என்னக்கா, இத்தா இருக்கலையா?"

"பள்ளிவாசல் ஹஜ்ரத்துட்ட கேட்டேன். மவுத்தான நாள்ல இருந்துதான் கணக்காம். எனக்கு இத்தா முடிஞ்சு பதினோரு வருசத்துக்கு மேல ஆச்சாம். இனி இருக்க வேண்டாம்னுட்டாக."

கழுத்தில் கருகமணி இல்லை. அது கிடந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

"அந்த லீவுத் தாளக் கிழிச்சிரு தம்பி. நாலு மாசம் ஒரு மூலையில உக்காந்து அழலாம்னு இருந்தேன். அதுக்கும் நாளு கடந்துட்டு" என்று சொல்லிவிட்டு, அம்பாசடர் அறையைப் பெருக்கப் போனாள்.