இரும்பு மரத்துக்கு நான் வைத்த பொட்டு

பத்து பெரண்டாம் என்கிற ஊரில் கேட்டும் கிரில்லும் செய்து பிழைக்கிற வெல்டர் நான். புக்கிட் பெருவாங்கில் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதி ஒன்றின் குடியிருப்பாளர் சங்கத்தார் வந்து, தங்கள் பூங்காவுக்கு இரும்பில் ஒரு மரம் வேண்டும் என்றார்கள். உயிருள்ள மரம் இதைவிட மலிவாயிற்றே என்று கிண்டல் செய்தேன். பிறகுதான் விவரம் சொன்னார்கள். இந்த மண்ணின் பூர்வகுடிகளான தெமுவான் மக்களையும் அவர்களுடைய காட்டையும் பெருமைப்படுத்தும் சிலையாம். அடிமரமும் கிளையும் என் பொறுப்பு. பக்கத்துக் கம்போங்கில், அதாவது கிராமத்தில், இருக்கும் ஏழு தெமுவான் குடும்பங்கள் களிமண் ஓடுகளில் தங்கள் உள்ளங்கையைப் பதித்துச் சுட்டுத் தருவார்கள். அவற்றை நான் அடிமரத்தில் பொருத்த வேண்டும்.

அவர்களில் ஒரு பெண் தினமும் பட்டறைக்கு வந்தார். என் வயது இருக்கும். அக்கா என்று நான் காக்காக் என்பேன், அண்ணன் என்று அவர் அபாங் என்பார், பேச்செல்லாம் மலாயில்தான். நான் வெட்டிய தகர இலைகளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"இது மாவிலை அபாங். கோயில் வாசல்ல கட்டுவீங்களே, அது!"

மறுநாள் காட்டிலிருந்து ஒரு கட்டு இலை கொண்டுவந்து போட்டார். அத்தனையையும் மறுபடி வெட்டினேன். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் அவர் சொன்னது சரி.

தன் கை பதிந்த ஓட்டை மட்டும் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கச் சொன்னார். "என் மக ஹாஸ்டல்ல படிக்கிறா. நாங்க எங்க இருக்கோம்னு அங்க யாருக்குமே தெரியலையாம். லீவுக்கு வந்ததும் இதைத் தொட்டுக் காட்டணும்."

பூங்காவில் மரத்தை நிறுத்திய அன்று சாயங்காலம் நான் தனியாக இருந்தேன். எங்கள் பட்டறையில் கேட் பொருத்தினாலும் சரி, லாரிக்குக் கூண்டு கட்டினாலும் சரி, வேலை முடிந்தால் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் நறுக்காமல் வீட்டுக்குப் போகமாட்டோம். யோசிக்கவேயில்லை. பொட்டு வைத்தேன், பழம் நறுக்கினேன், திருஷ்டி படாமல் இருக்கட்டும் என்று ஒரு மஞ்சள் துணியையும் அடிமரத்தில் கட்டினேன். மடையன்.

அடுத்த வெள்ளிக்கிழமையே அங்கே விளக்கு எரிந்தது. அப்புறம் உண்டியல் மாதிரி ஒரு டின். அப்புறம் வேரிலிருந்து கிளை வரைக்கும் சிவப்புச் சேலை. ஓடுகள் எல்லாம் சேலைக்குள் போய்விட்டன. நான் ஓடிப்போய் முடிச்சை அவிழ்க்கப் போனேன். அங்கே பூசை செய்கிற அம்மா, எல்லாரும் ஆண்டி என்று கூப்பிடுவார்கள், என் கையைத் தட்டிவிட்டார்.

"சாமி மேல கை வைக்கிறியா? முதல் துணி கட்டினதே நீதானேப்பா!"

கத்தினேன். இது சாமி இல்லை, சிலை என்றேன். யாரும் கேட்கவில்லை. சங்கத்துத் தலைவரோ, "சமய விஷயம் லா, நாங்க தொட்டா பெரிய பிரச்சினை ஆயிடும்" என்று போனை வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்தால் என் மனைவி, தானும் போய் ஒரு விளக்கு போட்டுவிட்டு வந்ததாகச் சொல்கிறாள். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

பள்ளி லீவு வந்தது. காக்காக் மகளைக் கூட்டிக்கொண்டு வருவதாகப் போன் செய்தார். வரவேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லாமல் அவர்களுக்கு முன்னால் பூங்காவுக்குப் போய் நின்றேன். சேலையைக் கொஞ்சம் விலக்கச் சொல்லிக் கெஞ்சினேன். ஆண்டி அசையவில்லை.

இருவரும் வந்தார்கள். ஆண்டி தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"செருப்பு, செருப்பு! புக்கா கசூட் லா!"

கழற்றினார்கள். "எதும்மா உன் கை?" என்று மகள் கேட்டாள். காக்காக் சேலையை மேலும் கீழும் பார்த்தார். உயரத்தை மனதால் அளந்து, ஓர் இடத்தில் உள்ளங்கையை வைக்கப் போனார்.

"தொடக்கூடாதும்மா, சாமி" என்று ஆண்டி அந்தக் கையை மெல்ல விலக்கி, அதிலேயே குங்குமம் வைத்தார். அன்பாகத்தான் வைத்தார்.

காக்காக் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அபாங், இது உங்களோட எந்தச் சாமி?"

"தெரியலை காக்காக்" என்றேன்.

எப்படிக் கும்பிடுவது என்று ஆண்டி செய்து காட்டினார். அதைப் பார்த்து அம்மாவும் மகளும் அந்தச் சேலைக்கு முன்னால் கைகூப்பி நின்றார்கள்.