டேவிட்ராஜின் பிறந்த நாள்

ஒருவன் பெரிய ஆட்டக்காரனாகிவிட்டால் அவன் எந்தக் காலில் முதலில் ஷூ மாட்டுகிறான் என்பது வரைக்கும் ஊருக்குத் தெரிந்தாக வேண்டும். திருமானூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு சமைக்கும் மரிய புஷ்பத்தின் மகன் சகாய ஆனந்த் இப்போது அப்படிப்பட்ட ஆள். வெளிநாட்டு கிளப் ஒன்றுக்காகக் கூடைப்பந்து ஆடுகிறான். அவனைப் பற்றி நீங்கள் அறியாத பத்துத் தகவல்கள் என்று செல்போனில் வாரத்துக்கு ஒரு பட்டியல் வருகிறது. இடது ஷூதான் முதலில் என்பார்கள், கருவாட்டுக் குழம்பென்றால் உயிர் என்பார்கள். பத்தில் ஏழு புளுகு. ஆனால் ஒன்று மட்டும் எல்லாப் பட்டியலிலும் இருக்கும். நவம்பர் பத்தொன்பது, தன் பிறந்த நாளன்று, அவன் கேக் வெட்ட மாட்டான். ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டான்.

அது உண்மை. ஏன் என்பது அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

மரிய புஷ்பம் பெற்றது இரண்டு பிள்ளைகள். மூத்தவன் சகாய ஆனந்த், தொண்ணூற்றெட்டு மார்ச் பன்னிரண்டில் பிறந்தான். இளையவன் டேவிட்ராஜ், அடுத்த வருடம் நவம்பர் பத்தொன்பதில். அவன் பதினோரு மாதம்தான் இருந்தான். காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள், அரியலூருக்குக் கொண்டுபோகிற பஸ்ஸிலேயே, அவள் மடியில் அடங்கிவிட்டான். ஒரு போட்டோகூட எடுத்திருக்கவில்லை. ஏலாக்குறிச்சிக் கோயில் கல்லறையில் அவனைப் புதைத்த இடத்தில் நட்ட மரச்சிலுவையைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியது பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். அதிலும் பிள்ளையின் பெயர் எழுதும் இடம் காலி. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று அப்போதெல்லாம் அப்படியே கொடுத்துவிடுவார்கள். மூத்தவனுடையதும் அப்படித்தான். தகரப் பெட்டியில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

மூத்தவன் எட்டாம் வகுப்பு படிக்கையில், பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான அணிக்கு ஆள் எடுத்தார்கள். தேறினால் விளையாட்டு விடுதியில் இடம். பையன் நோட்டீஸைப் படித்துப் பார்த்துவிட்டுத் தனக்கு வயது தாண்டிவிட்டது என்றான். மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. பள்ளிப் பதிவேட்டில் இருந்ததோ தோராயமாக எழுதிய தேதி; சான்றிதழ் கொண்டுவந்தால் திருத்திக்கொள்ளலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நாலாம் நாள் காலையில் மரிய புஷ்பம் பெட்டியைத் திறந்து இளையவனின் சான்றிதழை எடுத்தாள்.

கணவர் ஆரோக்கியசெல்வம் சிமென்ட் லாரி ஓட்டுகிறவர். அதிர்ந்து பேசாத மனிதர். "அவனுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான் புஷ்பம். அதையுமா எடுக்கற?" என்றார்.

"செத்தவனுக்கு எதுக்குங்க காயிதம்?" என்றாள் அவள்.

அந்த வார்த்தையைச் சொன்ன வாயை அவள் இன்று வரைக்கும் மன்னிக்கவில்லை. காலி இடத்தில் சகாய ஆனந்த் என்று எழுதி, ஆபீஸில் முத்திரை குத்தி வாங்கி வந்தாள். டேவிட்ராஜ் பிறந்ததற்கு அவள் கையில் இருந்த ஒரே அடையாளமும் அன்றோடு போயிற்று. பையன் அந்தத் தாளைப் படித்தான், தேதி தம்பியுடையது என்று தெரிந்துகொண்டான். அந்த நவம்பர் பத்தொன்பதில் அவன் பட்டினி கிடந்தான் என்று விடுதியிலிருந்து சொன்னார்கள்.

பிறகு கணவரும் போய்ச் சேர்ந்தார். செய்த பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் அவள் பங்குச் சாமியாரிடம் சில்லறைக் கோபத்தையெல்லாம் சொல்வாள், இதைச் சொல்ல மாட்டாள். சொன்னால் திருத்து என்பார். திருத்தினால் மகன் வாங்கிய கோப்பைகள், கிளப், பெயர் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். மறைத்த பாவத்தோடுதான் பூசையில் நன்மை அப்பம் வாங்கினாள்.

போன வருடம் ஜனவரியில், பெரம்பலூரிலிருந்து பானுப்ரியா என்கிற நிருபர் பெண் வந்தாள். விளையாட்டுப் பக்கம் எழுதுகிறவள். அவளும் பத்துத் தகவல்களுக்காகத்தான் வந்திருந்தாள். பிறந்த நாள் பட்டினியைப் பற்றிக் கேட்டதற்கு, வேண்டுதல் என்று வழக்கமான பதிலையே மரிய புஷ்பம் சொன்னாள். பானுப்ரியா எழுதிக்கொண்டாள். அடுத்து, கேட்காமலேயே, ஒரே மகன் என்று தானாகவே எழுதினாள்.

எதிரே உட்கார்ந்திருந்த மரிய புஷ்பம் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டாள். அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

"அத அடிச்சிடும்மா. எனக்கு ரெண்டு புள்ள."

பானுப்ரியா நிமிர்ந்தாள். பெயர் கேட்டாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு வெளி ஆளிடம் டேவிட்ராஜ் என்று சொன்னாள் மரிய புஷ்பம். பதினோரு மாதத்தில் போய்விட்டான் என்றும் சொன்னாள். அந்தப் பெண் ஒரே மகன் என்பதை அடித்துவிட்டு, "எப்பம்மா பொறந்தான்?" என்றாள்.

நவம்பர் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் உயிரோடிருக்கிறவன் தொலைந்தான். வேறு ஏதாவது சொல்ல வேண்டும். பெற்றவளுக்கு இரண்டு தேதிதான் மனதில் இருந்தது.

"மார்ச் பன்னெண்டு" என்றாள். வருடம் நினைவில்லை என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தப் பெண் மேலே கேட்கவில்லை.

பட்டியல் வெளியானது. எட்டாவது தகவலாக, டேவிட்ராஜ் என்கிற தம்பி, மார்ச் பன்னிரண்டில் பிறந்து குழந்தையிலேயே இறந்தான் என்று இருந்தது. மரிய புஷ்பம் செல்போனில் அந்தப் பெயரை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். மார்ச் பன்னிரண்டு வந்ததும் ஏலாக்குறிச்சிக் கோயிலில் அவன் பெயருக்குப் பூசை கொடுத்தாள். சாமியார் பெயரைச் சத்தமாக வாசித்தார். அவள் வாய்விட்டு அழுதாள்.

சாயங்காலம் சகாய ஆனந்த் வீடியோ காலில் வந்தான். பட்டியலை அவனும் படித்திருந்தான்.

"கோயில்ல பேரு வாசிச்சாங்களாம்மா?"

"வாசிச்சாங்கடா. நீ சாப்ட்டியா?"

"இல்லம்மா. இனிமே இன்னிக்கித்தான அவன் பொறந்த நாளு."

மரிய புஷ்பத்துக்கு அப்போதுதான் உறைத்தது. நவம்பரை அவனே தம்பிக்கு விட்டுக்கொடுத்திருந்தான். அவனுக்கென்று மீதமிருந்த ஒரு நாளையும் இவள் பிடுங்கித் தம்பிக்குக் கொடுத்துவிட்டாள்.

"இது ஒன்னோட நாளுடா, சகாயம். இன்னிக்கித்தாண்டா ஒன்னப் பெத்தேன். ஒரு வாய் சாப்பிடு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

 அவன் எழுந்து போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து, அவள் பார்க்கப் பார்க்கச் சாப்பிட்டான்.