துப்பக் கூடாத கள்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி எத்தனை பார் இருக்கிறது என்று கேட்டால், என் மனைவி யோசிக்காமல் சொல்லுவாள். என்னைத் தேடி அத்தனைக்கும் ஆள் அனுப்பியவள் அவள். இத்தனைக்கும் குடியில் நான் பெரிய ஆள் இல்லை. துறைமுகக் கந்தோரில் கிளார்க், ஐம்பத்திரண்டு வயது, இரண்டு கிளாசோடு நின்றுவிடுவேன். மிச்ச நேரமெல்லாம் வாய்தான். நான் வந்தால் மேசையில் சிரிப்பு வரும் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்ற, பக்கத்தில் இருப்பவன் யாராவது ஒருவன் தினமும் எனக்கு அகப்பட வேண்டும். இருபது வருடமாக அகப்பட்டவன் என் கூட்டாளி.

அவன் படகுகளின் அவுட்போட் மெசின் திருத்துபவன். கைநகத்தில் எப்போதும் கிறீஸ் இருக்கும். நான் அவனைப் பற்றி எதைச் சொன்னாலும் அவனே முதலில் சிரிப்பான். அதனால் எனக்கு அது பாவமாகத் தெரிந்ததே இல்லை.

குடிக்கும் ஆட்களுக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு. மாரியில் வாடைக்காற்று அடிக்கும்போது யன்னலைச் சாத்திக்கொண்டு துறைமுகத்தடி பாரில் சாராயம். சல்லி அம்மனுக்குப் பொங்கல் வந்தால் கடற்கரை முழுக்கச் சைவம். அந்த நாட்களில் நாங்களும் நல்லவர்கள். பங்குனி வெயில் ஏறத் தொடங்கினால் நிலாவெளி வீதியில் உள்ள கள்ளுத் தவறணை. சோளகக் காற்றோடு வெள்ளைக்காரர் வந்து இறங்கும் மாதங்களில் உப்புவெளிக் கடற்கரையில் பியர். பௌர்ணமிப் போயா நாளில் எல்லாம் பூட்டு என்பதால், போயாவுக்கு முதல் நாள் பின்னேரம் மட்டும் எங்கே போனாலும் இருக்கக் கதிரை கிடைக்காது. நாளைக்கு உலகம் அழியப்போகிறது என்பதுபோல் குடிப்பார்கள்.

இந்தப் பஞ்சாங்கத்தில் என் கூட்டாளிக்குத் தனி மரியாதை கள்ளுக்காலத்தில்தான். அவனுடைய நாக்கு அப்படி. கண்ணைக் கட்டிவிட்டு ஒரு மிடறு கொடுத்தால், பனையா தென்னையா, இறக்கக்கண்டியில் இருந்து வந்ததா நிலாவெளியா, மரத்தில் இருந்து இறக்கி எத்தனை மணித்தியாலம் என்றெல்லாம் சொல்லிவிடுவான். பிழைத்ததை நான் கண்டதில்லை.

போன தைமாதம் அவன் துறைமுகத்தடி பாரின் வாசலில் வந்து நின்றுகொண்டு என்னை வெளியே கூப்பிட்டான். உள்ளே வரவில்லை.

"மச்சான், நான் விட்டிட்டன்."

"எதை? வேலையையோ, மனிசியையோ?"

"குடியை. சின்னவளுக்கு ஆவணியில கலியாணம். அதுவரைக்கும் என்னில வாசம் வராட்டி, நானும் மனிசியும் மணவறையில நிண்டு தாரை வார்க்கலாமாம். ஒருக்கா வந்தாலும் வேற ஆக்களை நிப்பாட்டுவாளாம்."

அதற்குக் காரணம் இருந்தது. மூத்த மகளின் கலியாணத்தன்று, மண்டபத்துக்குப் பின்னால் நின்ற ஓட்டோவுக்குள் அவன் நித்திரையாகிப் போனான். தாலி கட்டி, பந்தி முடிந்து, கதிரைகளை அடுக்கும்போதுதான் எழும்பினான். மாப்பிள்ளையின் பெரியப்பாதான் ஓட்டோவுக்குள் இருந்து அவனைக் கண்டுபிடித்தவர். அந்தக் குறட்டையை நான் மூன்று வருடமாக எல்லாப் பாரிலும் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். நன்றாகவே செய்வேன்.

சின்னவள் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. தகப்பனின் ஈரல் எப்படி இருக்கிறது என்று தகப்பனுக்கு முதலே தெரிந்தவள். பேச்சு குறைவு. சொன்னால் சொன்னதுதான்.

அவன் உண்மையிலேயே விட்டுவிட்டான். ஆனால் எங்களை விடவில்லை. "வீட்டில சும்மா இருந்தா கை நடுங்குது மச்சான்" என்று தவறணைக்கு வந்து, ஒரு சோடாவை வைத்துக்கொண்டு பொரித்த சூடைமீனைக் கடித்தபடி இருப்பான். நாங்கள் குடிப்பதைப் பார்ப்பான். யாருடைய கள்ளுப் பேணியாவது பக்கத்தில் வந்தால் மூக்கு மட்டும் ஒருமுறை விரியும். அதையும் நான் செய்து காட்டினேன். பங்குனி, சித்திரை, வைகாசி என்று மாதங்கள் போயின. முகத்தில் வீக்கம் வற்றியது. கலியாணத்துக்கு வேட்டி எடுத்துவிட்டதாகச் சொன்னான். கரை என்ன நிறம் என்பதைக்கூடச் சொன்னான். ஒரு மனிதன் அவ்வளவு சந்தோசமாக இருந்தால் அந்த மேசையில் எனக்கு வேலை இல்லை. அதுதான் உண்மை. அப்போது அதை இப்படி யோசிக்கவில்லை.

அந்த வருடம் உப்புவெளியில் கொழும்புத் தமிழ் இளைஞன் ஒருவன் புதிதாக ஒரு பியர் வீடு திறந்திருந்தான். பெரிய கொம்பனிச் சரக்கு இல்லை. தானே பெரிய பானைகளில் காய்ச்சி, நுரைக்க வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரைக் கரும்பலகையில் எழுதி வைப்பான். ஒன்றில் தோடம்பழம், ஒன்றில் கோப்பி, ஒன்றில் என்ன என்று அவனுக்கே நிச்சயமில்லை. என்னை "அங்கிள்" என்றான். நான் சொன்னதற்கெல்லாம் சிரித்தான். எனக்கு வேறு என்ன வேண்டும்?

"அங்கிள், பனங்கள்ளு டேஸ்டில ஒரு பியர் ட்ரை பண்ணியிருக்கிறன். ஆனா எனக்குக் கள்ளுப் பற்றி ஒண்டும் தெரியாது. தெரிஞ்ச ஆள் இருக்கா?"

"ஆள் இல்லைத் தம்பி. நாக்கு இருக்கு. ஆனி போயாவுக்கு முதல் நாள் பின்னேரம் தவறணைக்கு வாரும்."

வந்தான். போனைக் கையில் பிடித்தபடி ஒரு சிநேகிதனும் கூட வந்தான். தகரக் கூரைக்குக் கீழே வாங்குகளில் ஆட்கள் நெருக்கியடித்து இருந்தார்கள். என் கூட்டாளி வழக்கம்போல் சோடாவும் சூடைமீனுமாக இருந்தான். நான் விசயத்தைச் சொன்னதும் கையை ஆட்டினான்.

"வேண்டாம் மச்சான். இன்னும் ஏழு கிழமைதான் கிடக்கு."

"டேய், உன்னை ஆர் குடிக்கச் சொன்னது? நாக்கை நனைச்சிட்டுத் துப்பு. தேயிலைக் கொம்பனியில பெரிய பெரிய துரைமார் கழுத்தில டை கட்டிக்கொண்டு நாள் முழுக்கத் துப்புறாங்கள். அதுக்குச் சம்பளமும் குடுக்கிறாங்கள்."

சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்தால் சம்மதம் என்பது எங்கள் மேசையின் சட்டம். ஒருவன் தோளில் கிடந்த துவாயை எடுத்து நானே அவன் கண்ணைக் கட்டினேன். நாலு பேணி வைத்தோம். மூன்றில் கள், நாலாவதில் அந்தத் தம்பி போத்தலில் கொண்டுவந்த பியர்.

முதல் பேணியை வாயில் வைத்து, கன்னத்துக்குள் உருட்டி, பக்கவாட்டில் திரும்பி மணலில் துப்பினான்.

அந்த நேரம் பார்த்து, பின்னேரம் இறக்கிய கள்ளைப் பிளாஸ்டிக் கானில் தூக்கிக்கொண்டு சீவல்கார அண்ணை உள்ளே வந்துவிட்டார். அந்தத் தவறணைக்கு வரும் பனங்கள்ளில் பாதி அவர் ஏறி இறக்குவது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. கள் புளித்துவிட்டது என்று ஏசலாம். தண்ணீர் கலந்திருக்கிறது என்று சண்டை பிடிக்கலாம். குடித்து மிஞ்சிய மண்டியை நிலத்தில் ஊற்றலாம். ஆனால் மரம் ஏறியவன் நிற்கும்போது அவன் இறக்கிய கள்ளை வாயால் துப்பக் கூடாது. அது அவன் முகத்தில் துப்புவதுதான். அதற்காக அடிபட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

வாங்குகளில் கதை நின்றுபோனது. அண்ணை கானை இறக்கி வைத்தார்.

"ஆரின்ர கள்ளைத் தம்பி துப்புறியள்?"

துவாய்க்குள் இருந்து கூட்டாளி அந்தக் குரலைத் தெரிந்துகொண்டான். பதறிப்போனான்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. நான் வந்து... அது..."

"நான் ஒண்டும் சொல்லேல்ல. விடியக் காலமையும் ஏறினனான், இப்பவும் ஏறினனான். அவ்வளவுதான்."

அவன் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். கண் கட்டியிருந்தாலும் என்னைத்தான் பார்க்கிறான் என்று விளங்கியது. 'மகளின்ர கலியாணம் அண்ணை, இவன் விட்டிட்டான்' என்று நான் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அந்த அண்ணைக்கும் மூன்று பெண் பிள்ளைகள். முதுகில் தட்டிவிட்டுப் போயிருப்பார். அந்த வரி என் வாயில் இருந்தது. ஆனால் தவறணை முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. போனும் என் பக்கம் திரும்பியது.

"கோவியாதேங்கோ அண்ணை" என்றேன். "இவருக்கு இப்ப மரத்தில இருந்து இறங்கினதுகள் பிடிக்காது. பியர்க் கொம்பனித் துரையாகப் போறார். இனிமேல் நீங்களும் நானும் அவர் துப்புற கோப்பைதான்."

கூரைத் தகரம் அதிரச் சிரித்தார்கள். அந்தக் கொழும்புத் தம்பிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.

கூட்டாளி இரண்டாவது பேணிக்குக் கையை நீட்டினான். வாயில் வைத்தான். தொண்டை மணி ஏறி இறங்கியது.

"நிலாவெளி. பனை. விடிய இறக்கினது" என்றான்.

சரி. கைதட்டினார்கள். அண்ணை கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

மூன்றாவதையும் விழுங்கினான். "தென்னையும் பனையும் கலந்திருக்கு. மனேச்சர், கிணத்துத் தண்ணியும் கொஞ்சம் கிடக்கு." தவறணை மனேச்சர் எங்கோ பார்த்தார். மறுபடியும் சிரிப்பு. சிரிப்பு இப்போது அவன் பேச்சுக்கு வந்துகொண்டிருந்தது, என் பேச்சுக்கு இல்லை. அதையும் கவனித்தேன்.

நாலாவதை வாயில் அதிக நேரம் வைத்திருந்தான். "இது எந்த மரத்தில இருந்தும் வரேல்ல. ஆனா செய்த பிள்ளை கவனமாச் செய்திருக்குது. வருத்தக்காரருக்குக் கஞ்சி காய்ச்சின மாதிரி." அந்தத் தம்பி அதை அவனிடம் இன்னொரு முறை சொல்லச் சொல்லி, சிநேகிதனின் போனில் பதிந்துகொண்டான்.

துவாயை அவிழ்த்தேன். அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவன் மேசையைப் பார்த்தபடி, "முதல் பேணியைத் தாங்கோ, அதைச் சரியாச் சொல்லேல்ல" என்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை. பேணியில் மிச்சம் இருந்ததை ஒரே மூச்சில் குடித்தான். எந்தக் கள் என்று சொல்லவில்லை. பிறகு பக்கத்தில் இருந்த ஜக்கைத் தன் பக்கம் இழுத்தான். நான் கைதட்டினேன். அந்த வீடியோவில் கடைசியாகக் கேட்பது அந்தக் கைதட்டல்தான்.

அது பியர் வீட்டின் இணையப் பக்கத்தில் அன்று இரவே போடப்பட்டது. போயா லீவில் ஊர் முழுக்கப் பார்த்தது.

ஒரு கிழமை கழித்துச் சனிக்கிழமை மத்தியானம் சின்னவள் என் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி குசினிக்குள் தேத்தண்ணி போடப் போனாள். பிள்ளை கதிரையின் நுனியில் இருந்தாள்.

"மாமா, அந்த வீடியோவில உங்கட முகம் இல்லை. குரல் மட்டும் கிடக்கு."

"பிள்ளை, அண்டைக்குப் பிழை என்னில. அப்பா துப்பத்தான் பார்த்தவர்."

"தெரியும். ஆஸ்பத்திரியில எல்லாரும் எனக்குப் போட்டுக் காட்டினவை. நாலைஞ்சு தரம் பார்த்தனான்."

"அப்ப, அப்பாவை நிக்க விடம்மா. நான் வந்து மாப்பிள்ளை வீட்டாரோட கதைக்கிறன்."

"ஏலாது மாமா. ஒருக்கா எண்டாலும் ஒருக்காத்தான் எண்டு சொன்னனான். அவரும் ஓம் எண்டவர். பெரியப்பாவையும் பெரியம்மாவையும் நிப்பாட்டுவம் எண்டு அம்மா சொன்னவ. நான்தான் வேண்டாம் எண்டனான். நீங்களும் மாமியும் நிண்டு தாரை வார்த்துத் தாங்கோ."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஏன் பிள்ளை, நானோ?"

"அவரை நிக்க விடாமச் செய்தது நீங்கள். அந்த இடத்தில நீங்கள்தான் நிக்க வேணும். அவர் முன்னால இருந்து பார்க்கட்டும். நீங்களும் அவரைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கோ."

தேத்தண்ணியோடு வந்த என் மனைவி கடைசி வரியைக் கேட்கவில்லை. மணவறையில் நிற்கச் சொல்லிக் கேட்கிறாள் என்பது மட்டும் காதில் விழுந்தது. பிள்ளையைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். பின்னேரமே சீலை பார்க்கப் போய்விட்டாள்.

நான் மறுத்திருக்கலாம். காய்ச்சல் என்று படுத்திருக்கலாம். அவனுடைய வேலைத்தலம் வரைக்கும் ஒருநாள் போனேன், என்னால் ஏலாது என்று சொல்லப் போனேன். அவன் ஒரு மெசினைக் கவிழ்த்து வைத்துக் கழற்றிக்கொண்டிருந்தான். தவறணையில் குடித்த மறுநாளில் இருந்தே அவன் திரும்பவும் குடியை விட்டுவிட்டதாக ஊரில் சொன்னார்கள். என்னை நிமிர்ந்து பார்த்து, "சின்னவள் சொன்னவள்" என்றான். அவ்வளவுதான். நான் திரும்பி வந்துவிட்டேன். வரும் வழியில் எனக்கு வந்த முதல் யோசனை, பட்டு வேட்டியில் தொப்பை தெரியுமா என்பது. வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விட்டால் அதைவிட வெட்கம்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. முதல் வரிசையில் பிளாஸ்டிக் கதிரையில் அவனும், பக்கத்தில் அவன் மனைவியும் விருந்தாளிகளைப்போல் இருந்தார்கள். அவள் ஒருமுறையும் என்னைப் பார்க்கவில்லை. ஐயர் தகப்பன் பெயரைக் கேட்டார். அவன் பெயரை நான் சொன்னேன். பிள்ளையின் கை என் கைக்குள் இருந்தது. செம்பில் இருந்து என் மனைவி நீர் வார்த்தாள். பிள்ளை நிமிர்ந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். புகைப்படங்களைப் பார்ப்பவர்கள் எல்லோரும் அதை மரியாதை என்று சொல்லுகிறார்கள்.

தாலி கட்டிய பிறகு சனங்கள் வாழ்த்தி அறுகரிசி போட வரிசையில் வந்தார்கள். அவனும் எழும்பி வரிசையின் கடைசியில் போய் நின்றான். அவனுக்கு முன்னால் அந்தக் கொழும்புத் தம்பி நின்றான். அவனைக் கூப்பிட்டது சின்னவள்தான் என்று எனக்குத் தெரியும். முறை வந்ததும், கூட்டாளி தன் மகளின் தலையிலும் மருமகனின் தலையிலும் மற்றவர்கள் போட்ட அளவுக்குத்தான் அறுகரிசி போட்டான். கூடப் போடவில்லை. பிறகு, பெண்ணின் தகப்பனிடம் எல்லோரும் செய்வதுபோல், என்னிடம் வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தான். மூச்சு என் முகத்தில் பட்டது. வாசம் எதுவும் இல்லை.

"எல்லாம் நல்ல வடிவா நடந்தது" என்றான். "நாங்கள் சாப்பிட்டிட்டுப் போறம்."

பின்னால் நின்றவர்களுக்கு இடம் விட்டு நகர்ந்தான். நான் ஏதாவது பகிடி சொல்லுவேன் என்று சுற்றி நின்ற கூட்டாளிகள் என் வாயைப் பார்த்தார்கள்.

"பந்தி அந்தப் பக்கம்" என்றேன்.