சிவப்புத் துண்டுக்காரரைக் காப்பாற்றிய வடிவாம்பாள்

குற்றாலம் ஐந்தருவி சாலையில் உள்ள ஒரு விடுதியின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் பதினோரு வருடங்களாகப் பயந்துகொண்டிருப்பவர் வடிவாம்பாள். வயது நாற்பத்தெட்டு, சொந்த ஊர் கீழப்பாவூர். பல்லி, போலீஸ், முதலாளி, சிவப்பு எழுத்து ஆகியவை அவர் அஞ்சுபவை. வரிசை உத்தேசமானது. சீசன் வந்தால் முதலாளி முதலிடத்துக்கு ஏறிவிடுவார்.

முதலாளி முகம்மது ரபீக் இருப்பது ஷார்ஜாவில். புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்த அன்று போனில் ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

"வடிவக்கா, இதுல கண்டதையும் ஏத்திக் கெடுத்தியன்னு தெரிஞ்சா, அன்னைக்கே நீங்க ஊருக்கு பஸ் ஏறிரலாம்."

வடிவாம்பாள் நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு சாரல் தொடங்கியது. சாரல் தொடங்கினால் கோவில்பட்டி முதல் கோயம்புத்தூர் வரை எல்லோரும் போன் போட்டுக் கேட்பது ஒரே கேள்விதான்: "மெயின் அருவியில தண்ணி விழுதா?" மற்ற விடுதிக்காரர்கள் ஜன்னலைக்கூடத் திறக்காமல் "பட்டயக் கெளப்புது, வாங்க" என்பார்கள். வடிவாம்பாள் பொய் சொல்லப் பயந்தவர். கண்ணால் பார்க்காததைச் சொல்ல நாக்கு வராது.

அந்த நேரம் பார்த்து, வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்தது. 'குற்றாலம் மெயின் அருவி நேரலை. முற்றிலும் இலவசம்.' கம்ப்யூட்டரில் ஏற்றினார். உடனே ஆன்ட்டிவைரஸ் சிவப்பு எழுத்தில் ஏதோ எச்சரித்தது. சிவப்பு எழுத்தைக் கண்டு நடுங்கியவர், அது மறுபடி வராமலிருக்க ஆன்ட்டிவைரஸையே நிறுத்திவிட்டார். இப்படியாக, பயத்தின் காரணமாகவே காவல்காரர் வேலை நீக்கம் செய்யப்பட்டார்.

திரையின் மூலையில் அருவி கொட்டியது. சிவப்புத் துண்டு கட்டிய தொந்திக்காரர் ஒருவர் அதில் குளித்துக்கொண்டிருந்தார். காலையில் பார்த்தாலும் குளித்தார், சாயங்காலம் பார்த்தாலும் குளித்தார். மூன்று வாரமாகியும் கரையேறவில்லை.

"ஏதோ வேண்டுதல் போலுக்கு" என்றார் அறைகளைச் சுத்தம் செய்யும் பிச்சையா.

இதற்கிடையே கம்ப்யூட்டர் நத்தையானது. ஓர் அறையைப் பதிவு செய்யக் கால் மணி நேரம் பிடித்தது. பெட்டியின் பின்புறம் விசிறி அலறி, அனல் வீசியது. வேறு ஊராக இருந்தால் கோளாறு என்று சந்தேகப்பட்டிருப்பார்கள். சாரல் மாதத்தில் உள்ளாடைகூட நாலு நாளைக்குக் காயாத குற்றாலத்தில் அது வரப்பிரசாதம். பிச்சையா பெட்டிக்குப் பின்னால் கொடி கட்டி, விடுதித் துண்டுகளை வரிசையாகக் காயப்போட்டார்.

"யக்கா, இது கம்ப்யூட்டரு இல்ல, சாமி!"

கம்ப்யூட்டருக்கு ஏதோ ஆகிவிட்டது என்பது வடிவாம்பாளுக்கு உள்ளூரத் தெரியும். ஆனால் வெளியே சொன்னால் பஸ். ஆகவே துண்டுகளை மடித்துக் கொடுத்தபடி வாயை மூடிக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை மதியம் மலையில் பேய்மழை. மெயின் அருவியின் பாதுகாப்பு ஆர்ச்சுக்கு மேல் வெள்ளம் போகிறது, எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள் என்று பிச்சையா ஓடி வந்து சொன்னார். வடிவாம்பாள் திரையைப் பார்த்தார். சிவப்புத் துண்டுக்காரர் நிதானமாக முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார்.

போலீசுக்குச் சொன்னால் திரையைப் பார்க்க வருவார்கள், எல்லாம் வெளியே வரும், வேலை போகும். சொல்லாவிட்டால் ஓர் உயிர் போகும். இரண்டு பயங்களும் மல்லுக்கட்டின. கை தானாகப் போனை எடுத்தது.

அருவியில் பணியிலிருந்த காவலர் நல்லதம்பி பேசினார். "இங்கன ஒரு ஈ காக்கா இல்லம்மா. நான் அருவிக்கு எதுக்கதான் நிக்கேன்."

"சார், நான் பாத்துக்கிட்டே இருக்கேன். ஆர்ச்சுக்கு எடது பக்கம், செவப்புத் துண்டு. இப்ப தலைய துவட்டுதாரு."

வெள்ளச் சத்தத்துக்கு நடுவே நல்லதம்பியின் குரல் தழைந்தது. "யம்மா, அந்த ஆளுக்குக் காலு இருக்கா?"

பத்து நிமிடத்தில் நல்லதம்பி ஈரத் தொப்பியோடு விடுதியில் நின்றார். திரையை உற்றுப் பார்த்தார். "வெளிய இருட்டிக்கிட்டுக் கொட்டுது. இங்க சுள்ளுன்னு வெயில் அடிக்கு. இது என்னைக்கோ எடுத்த படம்மா. திரும்பத் திரும்ப ஓடுது."

தென்காசியிலிருந்து கம்ப்யூட்டர் சரிபார்க்கும் சஃப்ரின் வரவழைக்கப்பட்டாள். எது ஓடுகிறது என்று காட்டும் பட்டியலை அவள் திறந்ததும் விசிறி சட்டென்று அடங்கியது. மூடினாள், மறுபடி அலறியது. வடிவாம்பாள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். சுவரில் மாட்டிய படத்துக்குப் பின்னால் ஒளியும் பல்லியும் இதே ஜாதிதான்.

"நாம பாக்கோம்னு தெரிஞ்சா ஒளிஞ்சிக்கிடுது" என்றாள் சஃப்ரின். "கிரிப்டோ காசு உண்டாக்க ராப்பகலா கணக்குப் போடணும். கரண்டு தின்னும். அதான் அடுத்தவன் கம்ப்யூட்டர்ல திருட்டுத்தனமா போடுதானுவ. நீங்க ஏத்துன அருவி சும்மா வேசம், உள்ள ஓடுனது இதான்."

முதலில் நெட் வயரைப் பிடுங்கினாள். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினாள். ஆன்ட்டிவைரஸை மீண்டும் பணியில் அமர்த்தினாள். "இனி சிவப்பு எழுத்து வந்தா அத அணைக்காதிய. எனக்குப் போன் போடுங்க."

மிச்சமிருந்தது ஷார்ஜா. வடிவாம்பாள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு போன் செய்தார். லிங்க், அருவி, துண்டு, போலீஸ், ஒன்று விடாமல் சொல்லி முடித்தார்.

"சாயங்கால பஸ்ஸுக்குப் போயிருதேன், மொதலாளி."

முதலாளி பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை.

"அந்த ஆளு… தொந்தி வச்சவனா?"

"ஆமா."

"செவப்புத் துண்டு?"

"ஆமா, மொதலாளி."

"ஊரு நெனப்பு வந்துச்சுன்னு நானும் ஏத்துனேன்க்கா. என் லேப்டாப்புலயும் அவன்தான் குளிக்கான். மடியில வைக்க முடியல, சுடுது." முதலாளியின் குரல் நடுங்கியது. வடிவாம்பாளுக்கு அந்த நடுக்கம் நன்றாகப் பழக்கமானது.

"மொதல்ல நெட்ட நிறுத்துங்க, மொதலாளி. ஒண்ணும் பயப்படாதிய." தன் வாழ்நாளில் முதன்முறையாக இந்தச் சொற்களை இன்னொருவருக்குச் சொன்னார்.

"சரிக்கா. இத யார்ட்டயும் சொல்லிராதிய."

கைப்பை ஆணிக்குத் திரும்பியது. கம்ப்யூட்டர் இப்போது சத்தமின்றி, குளிர்ந்து கிடந்தது. அதன்மேல் கையை வைத்துப் பார்த்த பிச்சையா, கொடியில் சொட்டிக்கொண்டிருந்த துண்டுகளைத் துக்கத்தோடு எண்ணினார்.

"யக்கா, முப்பது துண்டு ஈரமா கெடக்கு. இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அந்த ஆளக் குளிக்க விடுங்களேன்."