அப்பாவிடம் நான் தாண்டிப் படித்த அதிகாரம்

அன்பு உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அப்பாவின் மூத்த மகள் எழுதுவது. அப்பா நம்மை விட்டுக் கர்த்தரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. பல்லி விழுந்தால்கூட அலறுகிறவள் நான் என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். இந்த நினைவு மலருக்கு எழுதச் சொல்லி அம்மா கேட்டபோதும் பயந்தேன். எழுதினால் ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும்.

அப்பா கல்வராயன் மலையடிவாரத்தில், நிலமில்லாத கூலிக் குடும்பத்தில் பிறந்தார். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தவர் அவர்தான். பசியோடு பள்ளிக்கூடம் போய், வளர்ந்து சபையில் வேதம் போதிக்கும் உபதேசியாராகி, வெள்ளிமலைப் பக்கத்து ஊர்களுக்கு நடந்தே ஏறி இறங்கினார். காய்ச்சல் கண்ட பிள்ளையின் தலைமாட்டில் வைக்க வேதப் புத்தகத்தைக் கேட்பவர்களிடம், "இது தலைமாட்டுல வெக்கறதுக்கு இல்லீங்க, தொறந்து படிக்கறதுக்கு" என்பார். பிறகு தானே உட்கார்ந்து படித்துவிட்டு, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு மலையிறங்குவார்.

எங்கள் வீட்டில் தினமும் காலையில் வேதத்தில் ஓர் அதிகாரம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாக. முடிந்தால் மறுபடியும் முதலிலிருந்து. யார் யாருக்குப் பிறந்தார் என்று பெயர்களாகவே வரும் பகுதிகளில் அம்மா உட்கார்ந்தபடியே தூங்குவார். அதற்கும் விடுமுறை கிடையாது. சிலர் கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைப் பிரித்து, விரல் பட்ட வசனத்தை எடுத்துக்கொள்வார்கள். அப்பாவுக்கு அது பிடிக்காது. "நமக்குப் புடிச்சத நாம எடுக்கக் கூடாது. அது சொல்றத நாம கேக்கணும்" என்பார். சர்க்கரையால் அவருக்குப் பார்வை மங்கிய பிறகு, படிக்கும் வேலை எனக்கு வந்தது.

அப்பாவின் வயிற்றில் கட்டி என்று தெரிந்து, கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வியாழக்கிழமை ஆபரேஷன் என்றார்கள். அன்று என்ன அதிகாரம் வரும் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நோயில் படுத்திருக்கும் ராஜாவிடம் தீர்க்கதரிசி வந்து, நீ சாகப்போகிறாய், வீட்டை ஒழுங்குபடுத்திக்கொள் என்று சொல்லும் அதிகாரம். ஆபரேஷனுக்குப் போகிறவருக்கு இதைப் படிப்பதா? என் வாயால் படிப்பதா?

வியாழன் காலை அதைத் தாண்டி அடுத்த அதிகாரத்தைப் படித்தேன். இரண்டு வரிகூட முடியவில்லை, அப்பா கையைத் தூக்கினார்.

"இன்னா புள்ள, ராஜா ஒடம்பு தேறிட்டாருன்னு வருது. எப்போ ஒடம்பு கெட்டுச்சு அவருக்கு?"

நான் புத்தகத்தை மடியில் கவிழ்த்தேன்.

"தாண்டிட்டியா?"

"பயமா கீதுப்பா."

"பயந்துக்கினே படி."

படித்தேன். எழுத்துகள் கண்ணீரில் அலைந்தன. ராஜா சுவர்ப் பக்கம் திரும்பி அழுதான் என்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தேன். அப்பாவும் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார். "எனக்கும் பயமாத்தாம்மா கீது" என்றார். என் ஆயுளில் அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டது அன்றைக்குத்தான்.

படித்து முடித்ததும், "ராஜாவுக்கு ஆண்டவரு இன்னும் ஆயுசு குடுத்தாருப்பா" என்றேன், ஆசையாக.

"அது அவருக்குக் குடுத்தது. எனக்குக் கெடைக்குமோ இன்னாவோ. வூட்ட ஒழுங்கு பண்ணுன்னது எனக்குந்தான். ஒன் சித்தப்பனுக்குப் போன் போடு."

மணலூர்பேட்டைச் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. இந்துக் குடும்பத்தில் பெண்ணெடுத்து, கோயிலில் தாலி கட்டினார். வேத வசனத்தைக் காட்டியே அப்பா அவரை வாசலோடு திருப்பி அனுப்பினார். பதினோரு வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. "வசனத்தக் காட்டி அவனத் தள்னேன். இப்போ அந்த வசனமே என்னியக் கேக்குது" என்றார் அப்பா.

போன் போட்டு, ஆபரேஷனையும் அப்பா கூப்பிடுவதையும் சொன்னேன். சித்தப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிட்டார். வருவாரா மாட்டாரா? வந்தாலும் நேரத்துக்கு வந்து சேருவாரா? ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் ஜன்னலுக்கு ஓடினேன். ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்து, அப்பாவை அதில் படுக்க வைத்த பிறகுதான் சித்தப்பா மூச்சு வாங்க வந்து நின்றார்.

"இன்னாண்ணே, இப்டி எளச்சிப் பூட்ட?"

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒம் பொண்டாட்டி எங்கடா?"

சித்தி கதவுக்கு வெளியே, உள்ளே வரப் பயந்து நின்றிருந்தார். "உள்ள வாம்மா. நான் பண்ணது தப்பு, மன்னிச்சிக்க" என்றார் அப்பா. சித்தி அழுதுகொண்டே போர்வையை இழுத்து அவர் காலை மூடிவிட்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

அடக்கத்தன்று அத்தை, எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார்: "ஆபரேசன் அன்னிக்குப் போயி சாவு அதிகாரத்தப் படிச்சிக்கினு இருந்தியாமே. அதான் எங்கண்ணன் மனசு வுட்டுட்டாரு." நான்தான் கொன்றேனோ என்ற பயம் இந்த ஒரு வருஷமாக என்னை விடவில்லை. சில காலைகளில் புத்தகத்தைத் தொடவே கை வராது. அம்மா விடமாட்டார், "இன்னிக்கு இன்னா அதிகாரம்?" என்பார். படிப்பேன்.

அப்பாவைக் கவனித்த டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுத்த சபைப் பிள்ளைகளுக்கும், மலையிலிருந்து இறங்கி வந்து பெட்டி சுமந்தவர்களுக்கும், அம்மாவுக்கு நாற்பது நாள் சோறு கொண்டுவந்த சித்திக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அத்தை, உங்களுக்கும் நன்றி. அண்ணன் மேல் உள்ள பாசத்தில்தான் கேட்டீர்கள். அன்று சொல்ல முடியாத பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் உயிர் எதனால் போயிற்று என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அதிகாரத்தை நான் தாண்டியது தாண்டியதாகவே போயிருந்தால், சித்தப்பா வந்து பிடித்திருப்பது அப்பாவின் சில்லிட்டுப் போன கையாக இருந்திருக்கும்.