பேப்பர் படிக்கிற கண்

அப்பா விழுந்தது சர்ச் வாசல் படியில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரோடும் இறங்கி வந்தவர், கடைசிப் படி ஒன்று மிச்சமிருப்பதைக் கவனிக்காமல் தரை என்று நினைத்துக் காலை வைத்துவிட்டார். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். தாராபுரத்திலிருந்து பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தபோது நான் துடியலூரில், எங்கள் மூன்றாம் மாடி பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லீங்க அம்மணி. கட்டுப் போட்டுட்டாங்க. ஆனா ஒத்தையா உட்டுட்டு வர எனக்கு மனசு வரலீங்க" என்றார்.

அன்று மத்தியானமே நானும் கணவரும் காரில் போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். நான் ஒரே பிள்ளை. அம்மா இறந்து நான்கு வருடமாக அவர் தனியாகத்தான் இருந்தார். மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். சமையல், துணி துவைப்பது, ரேஷன் கடை, பென்ஷன் வேலை என்று எதற்கும் யாரையும் எதிர்பார்க்கமாட்டார். "கை சரியாகற வரைக்கும்தான் கண்ணு" என்று சொல்லித்தான் காரில் ஏறினார். நானும் சரி என்றேன். மனசுக்குள் வேறு கணக்கு வைத்திருந்தேன். வந்தவரைத் திருப்பி அனுப்புவதாக இல்லை.

கட்டுப் பிரிக்கிற வரை பெரிதாக எதுவும் தெரியவில்லை. கையில் கட்டு இருக்கிறவர் டம்ளரைத் தட்டிவிட்டால் யார் என்ன நினைப்பார்கள்? கட்டைப் பிரித்த பிறகும் அது நிற்கவில்லை. பக்கத்தில் வைத்த காப்பியை முழங்கையால் தள்ளிவிடுவார். நாற்காலியை நான் கூட்டுவதற்காக நகர்த்தி வைத்தால் அதில் போய் இடித்துக்கொள்வார். வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு தடுக்கி ஒருநாள் சுவரைப் பிடித்துத் தப்பித்தார்.

"ஏம்ப்பா, முன்னாடியேதான இருக்குது, தெரியலையா?" என்று நான் கேட்பேன். ஒருமுறை அல்ல, பலமுறை கேட்டிருக்கிறேன். கொஞ்சம் எரிச்சலோடுதான்.

"கவனிக்கலை கண்ணு" என்பார்.

கண்ணில் கோளாறு இருக்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. காரணம், பேப்பர். காலையில் எடுத்தால் பொடி எழுத்தில் வரும் டெண்டர் அறிவிப்பு வரைக்கும் படிப்பார். ஊசியில் நூல் கோக்க எனக்குச் சிரமமாக இருந்தபோது வாங்கி ஒரே தடவையில் கோத்துக் கொடுத்தார். அப்படிப்பட்டவருக்கு ஒரு டம்ளர் தெரியாதா என்ன?

பிறகுதான் லிப்ட் விஷயம் நடந்தது. கீழே நடந்துவிட்டு வந்தவர் லிப்ட் இடையில் நின்ற இரண்டாம் மாடியிலேயே இறங்கி, எங்கள் வீடு என்று நினைத்து வேறு வீட்டு மணியை அழுத்திவிட்டார். எல்லா மாடியும் ஒரே அச்சு. ஒரே நிறக் கதவு. அந்த வீட்டுப் பெண்மணி அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். என்னைத் தனியே அழைத்து, "பாவங்க, பெரியவருக்கு ஊடு மறந்துபோச்சாட்ட இருக்குது. பாத்துக்குங்க" என்று தணிந்த குரலில் சொன்னார்.

மறந்துபோச்சு என்ற அந்த வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது. அதன்பிறகு அப்பா செய்வதெல்லாம் மறதியாகவே தெரிந்தது. பாத்ரூம் சுவிட்சைத் தடவித் தேடினால் மறதி. எதிரே வந்த ஆளைப் பார்த்துச் சிரிக்காமல் போனால் மறதி. கேஸ் லைட்டரை எடுத்து ஒளித்து வைத்தேன். நான் வேலை செய்வது ஒரு பம்ப் கம்பெனி ஆபீசில். காலையில் கிளம்பும்போது அப்பா வெளியே போய் வழி தவறிவிடுவாரோ என்று பயந்து, வெளிக் கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சாயங்காலம் திரும்பி வரும்போது, காலையில் எந்த நாற்காலியில் விட்டுப் போனேனோ அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தினமும் மார்க்கெட் வரை நடந்து போய் நாலு பேரோடு பேசிவிட்டு வந்த மனுசன். இரண்டே மாதத்தில் இளைத்துவிட்டார்.

இதை எழுதும்போது அந்தப் பூட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டுவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

வயதானவர்களுக்கென்று தனியாகப் பார்க்கும் டாக்டரம்மா ஒருவரிடம் கூட்டிப் போனேன். மறதி என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அவர் என்னைக் கையமர்த்திவிட்டு அப்பாவிடம் தேதி கேட்டார், கிழமை கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். மூன்று வார்த்தைகள் சொல்லி, பத்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டார். அப்பா ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. கழித்தல் கணக்கில் எனக்கே ஒரு இடத்தில் தடுமாறியது.

டாக்டரம்மா எழுந்து வந்து அப்பாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். "ஐயா, என் மூக்கையே பாருங்க. வேற எங்கயும் பாக்கக் கூடாது. பக்கத்துல என் விரல் ஆடறது தெரிஞ்ச உடனே சொல்லுங்க."

வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி விரலை ஆட்டினார். அப்பா பேசவில்லை. டாக்டரம்மா கையை மெல்ல உள்ளே கொண்டுவந்தார். நான் அப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எனக்கே அந்த விரல் நன்றாகத் தெரிந்தது. டாக்டரம்மாவின் தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, கன்னத்துக்குப் பக்கத்தில் வந்தது. அப்பா இன்னும் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் டாக்டரம்மாவின் மூக்கை ஏறக்குறைய தொட்டபோதுதான், "இப்பத் தெரியுதுங்க" என்றார்.

இன்னொரு பக்கமும் அப்படியே.

"உங்கப்பாவுக்கு மறதியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றார் டாக்டரம்மா என்னிடம். "முதல்ல கண்ணைக் காட்டுங்க. நாளைக்கே."

கண் ஆஸ்பத்திரியில் ஒரு மெஷினுக்குள் முகத்தை வைத்து, புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அதன் முடிவு ஒரு தாளில் வந்தது. வட்டம் முழுக்கக் கறுப்பு. நடுவில் மட்டும் ஒரு சின்ன வெள்ளை. கிளாக்கோமா, கண் அழுத்த நோய். ஓரப் பார்வையை ஓசையில்லாமல் தின்றுகொண்டே வரும், நடுப்பார்வையைக் கடைசி வரை விட்டுவைக்கும். போன பார்வை திரும்ப வராது. சொட்டு மருந்தை ஒருநாளும் விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

"ஒரு குழாய் வழியாப் பாக்கற மாதிரிங்க. பேப்பரைப் பிடிச்சா எழுத்துத் தெரியும். கால்கிட்ட இருக்கற படி தெரியாது" என்றார் அந்தக் கண் டாக்டர்.

ஆஸ்பத்திரி கேண்டீனில் உட்கார்ந்தோம். அப்பா தோசையைப் பிட்டுக்கொண்டிருந்தார். சட்னிக் கிண்ணத்தை நான் அவருடைய தட்டுக்கு நேரே, பார்வை படும் இடத்தில் நகர்த்தி வைத்தேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாப்பா?"

"அஞ்சாறு வருசமாத் தெரியும் கண்ணு. பள்ளிக்கூடத்துல கண் முகாம் போட்டாங்க. அப்பவே சொன்னாங்க. மருந்தும் குடுத்தாங்க. மாசாமாசம் வரோணும்னாங்க."

"அப்புறம் ஏன் போகலை?"

"உங்கம்மா படுத்த படுக்கையா இருந்தா. அவளை உட்டுட்டு எப்படிப் போறது? மருந்து தீந்துபோச்சு. போட்டாலும் வித்தியாசம் ஒண்ணும் தெரியலை. அப்படியே உட்டுப்போட்டேன்."

அந்த நாட்களில் நான் தினமும் போன் செய்வேன். அம்மா சாப்பிட்டாளா, அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்பேன். அம்மாவைப் பார்த்துக்கொள்பவர் எப்படி இருக்கிறார் என்று கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா நீ கூட்டியாந்துருவே. எங்க ஊட்டுல எனக்கு எது எங்க இருக்குதுன்னு கைக்குத் தெரியும், காலுக்குத் தெரியும். வாசல்ல ரெண்டு படி. பின்னாடி பொடக்காலிக்கு ஒண்ணு. அங்க இருக்கறப்ப நான் குருடனே இல்ல கண்ணு. இங்க வந்துதான் ஆயிட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சாம்பாரில் உப்புக் குறைச்சல் என்பது போலச் சொன்னார்.

ஆபீஸ் போகும்போது பூட்டினேனே, அதைப் பற்றி மன்னிப்புக் கேட்கப் பார்த்தேன். மறுநாள் காலையில் பூட்டையும் சாவியையும் அவர் கையில் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவரைத் தாராபுரத்துக்கே அனுப்புவது என்று முடிவானபோது என் கணவருக்கு இஷ்டமில்லை. "பார்வை கம்மின்னு தெரிஞ்ச பின்னாடி ஒத்தையா விட்டா நாலு பேரு என்ன கேப்பாங்க?" என்றார். நாலு பேர் கேட்பதற்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம், அந்த நாற்காலியில் இன்னொரு மாதம் அவரை என்னால் பார்க்க முடியாது என்றேன். அவர் யோசித்துவிட்டு, "சரி, அப்ப செய்யறதைச் சரியாச் செய்யலாம்" என்றார். அந்த வாரம் இரண்டு நாள் லீவு போட்டு அவரும் கூட வந்தார்.

தாராபுரம் வீட்டில் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் பட்டையாக மஞ்சள் பெயிண்ட் அடித்தோம். பாத்ரூமில் கைப்பிடி வைத்தோம். விளக்குகளை எங்கே போடுவது என்று அப்பாவே சொன்னார். எலெக்ட்ரீசியனை நிற்கவைத்து, "கண்ணுக்கு நேரா அடிக்கக் கூடாதப்பா, கால்ல விழோணும்" என்று ஒவ்வொன்றின் உயரத்தையும் அளந்து கொடுத்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலில் அதிகாரம் கேட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டு அக்கா பொறுப்பெடுத்துக்கொண்டார். சொட்டு மருந்துக்கு நான் காலையும் மாலையும் போன் செய்வேன். மருந்து கண்ணில் விழாமல் கன்னத்தில் வழிந்துகொண்டே இருந்தது. படுத்துக்கொண்டு, பாட்டில் பிடித்த கையை நெற்றியில் ஊன்றிப் போட்டால் தவறாது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக்கொடுத்த பிறகு சரியானது.

வெள்ளைக் கோலுக்கு மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊரெல்லாம் தண்டோராப் போடச் சொல்றயா?" என்றார். வாங்கிக் கொடுத்ததைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டார். ஆறேழு மாதம் அது அங்கேயே நின்றது.

ஒருநாள் மாலைப் போனில், கேட்காமலே, "இன்னிக்குக் கோலை எடுத்துட்டுப் போனேன்" என்றார்.

"என்னப்பா திடீர்னு?"

"போன வாரம் மார்க்கெட்டுல ஒரு பொம்பளை மேல இடிச்சுப்போட்டேன். பக்கவாட்டுல வந்துச்சு, தெரியலை. காலங்காத்தால குடிச்சுப்போட்டு வந்துட்டான் பாருன்னு கத்திப்போட்டுது. நாலு பேரு திரும்பிப் பாத்தாங்க. நான் வாழ்க்கைல தொட்டதில்லை கண்ணு. குடிகாரன்னு நினைக்கறதுக்குக் கண்ணு தெரியாதவன்னு நினைச்சுட்டுப் போகட்டும். இன்னிக்குப் போனா எல்லாரும் வழி உட்டாங்க."

இந்த நோய் குடும்பத்தில் வரக்கூடியது, பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று கண் டாக்டர் அன்றே சொல்லியிருந்தார். ஆபீசில் ஆடிட், உறவில் கல்யாணம் என்று நான் ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். அப்பாமேல் கோபப்பட்ட அதே காரியத்தை நானும்தான் செய்தேன். கடைசியில் போனபோது, நரம்பு நன்றாக இருக்கிறது, அழுத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம், வருடாவருடம் வரவேண்டும் என்றார்கள்.

போன தை மாதம் அப்பாவின் சோதனைத் தாளில் அந்த வெள்ளை இன்னும் சற்றுச் சுருங்கியிருந்தது. மருந்து தவறவில்லை. ஆனாலும் நோய் தன் வேலையைக் கொஞ்சம் செய்திருந்தது. திரும்பி வரும் வழியில் அப்பா தானாகவே பேச்செடுத்தார்.

"நடுவுல இருக்கறதும் ஒருநாள் போயிரும். அப்ப உங்கிட்டத்தான் வரோணும். ஆனா அப்ப வந்தா எனக்கு உங்க ஊரு பிடிபடாது அம்மணி. கண்ணு இருக்கறப்பவே வந்து பழகிக்கோணும்."

எங்கள் அபார்ட்மெண்ட்டிலேயே தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு வாடகைக்கு வந்தது. படி கிடையாது. லிப்ட் வேண்டியதில்லை. அதை எடுத்து வைத்திருக்கிறோம். சாமான்கள் எல்லாம் அப்பா சொன்ன இடத்தில்தான் இருக்கின்றன. நான் எதையும் நகர்த்துவதில்லை. மாதத்தில் ஒரு வாரம் பஸ்ஸில் வந்து தங்குகிறார். ஒவ்வொரு தடவையும் ஓர் அறையை எடுத்துக்கொண்டு, முதலில் பார்த்து நடப்பார், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு சுவரைத் தொட்டபடி நடப்பார், கடைசியில் எதையும் தொடாமல் நடப்பார். நான் குறுக்கே பேசாமல் வாசலில் நின்றுகொள்வேன்.

இந்த மாதம் படுக்கையறையிலிருந்து பாத்ரூம் வரைக்கும் ஒருமுறைகூட இடிக்காமல் போய் வந்தார். கண்ணைத் திறந்து என்னைத் தேடி, தலையை மெதுவாகத் திருப்பி, கண்டுபிடித்து, "இனி சமையல்கட்டுத்தான் பாக்கி கண்ணு. அதுக்கு ரெண்டு மாசம் ஆகும்" என்றார்.